பத்திரமாக வைத்த பிஎஸ்பி

எங்கள் வீட்டில் ஒரு பொருளை "பத்திரமா வச்சிருக்கேன்" என்று அம்மா சொல்லிவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு அதை யாரும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் மூன்று நகல்கள், அக்கா கல்யாணத்தில் மிஞ்சிய ஜரிகைத் துணி எல்லாம் அப்படித்தான் பீரோவுக்குள் போயின. 2010இல் வேலை கிடைத்துச் சென்னைக்கு நான் பஸ் ஏறியபோது சோனியின் கையடக்க வீடியோ கேம் பெட்டியான என் பிஎஸ்பியும் அவற்றோடு போய்ச் சேர்ந்தது.

அது வெளியே வந்தது 2021இல். ஊரடங்கு தளர்ந்தும் அலுவலகம் திறக்காமல், தூத்துக்குடி வீட்டு மேல்மாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஒரு மதியம், "இது ஒனக்கு வேணுமா பாரு" என்று அம்மா கொண்டுவந்து வைத்தாள். அப்பாவின் பழைய துண்டில் சுற்றியிருந்தது. பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருந்ததால் அந்துருண்டை வாசம்.

துண்டைப் பிரித்து மேசையில் வைத்தேன். படுக்கவில்லை, தொட்டில் மாதிரி ஆடியது. திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்து பேட்டரி மூடி வாயைப் பிளந்திருந்தது. உள்ளே இருந்த பேட்டரி பூரியாக உப்பிக் கிடந்தது.

"பாத்தியா, ஒரு கீறல்கூட இல்ல" என்றாள் அம்மா. அது உண்மைதான். இத்தனை வருடமும் யாரும் தொடாததால் வந்த வினைதான் அந்த உப்பல். கையடக்க விளையாட்டுச் சாதனங்களை நான் வைத்துக்கொண்டு, கெடுத்து, சரிசெய்து, மறுபடி கெடுத்த இருபத்தைந்து வருடத்தில், விளையாடிச் சாகடித்தது ஒன்றோ இரண்டோ. பத்திரமாக வைத்துச் சாகடித்ததுதான் அதிகம்.

முதல் பலி ஒரு பிரிக் கேம். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்துக்கு இருபது கட்டம், மேலே இருந்து விழும் கட்டைகள், மஞ்சளோ சாம்பலோ பூசிய பிளாஸ்டிக் உடம்பு, அதன்மேல் '9999 இன் 1' என்று கூசாமல் அச்சடித்த பொய். வேகத்தையும் நிலையையும் மாற்றி மாற்றி எண்ணினால்தான் அந்தக் கணக்கு வரும். உண்மையில் ஒரு டஜன் விளையாட்டு தேறினால் அதிகம். மாஸ்கோவில் 1984இல் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸ், நிண்டெண்டோவின் கேம் பாயோடு 1989இல் உலகம் சுற்றப் போனது. எங்கள் ஊருக்கு அது கேம் பாயில் ஏறி வரவில்லை. பெயரில்லாத இந்தப் பெட்டியில் ஏறி, பனிமய மாதா கோவில் திருவிழாக் கடைகள் வழியாக வந்து இறங்கியது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் வெறும் 'வீடியோ கேம்'.

அந்தப் பெட்டியைச் சில மாதம் ஆடினால் திரையில் ஒரு வரிசை மங்கும். கட்டை விழுந்து அந்த வரிசையைக் கடக்கும்போது காணாமல் போய், கீழே மறுபடி தோன்றும். கண்ணாடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் சரியாகிவிடும் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. திரையையும் சர்க்யூட்டையும் இணைப்பது கம்பி அல்ல, ஒரு ரப்பர் பட்டை. மின்சாரம் கடத்தும் கரிய அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறி மாறி இருப்பதால் அதற்கு ஜீப்ரா பட்டை என்று பெயர். ஒட்டுவதில்லை, அழுத்தத்தில்தான் நிற்கிறது. கீழே போட்டாலோ ஸ்க்ரூ தளர்ந்தாலோ அழுத்தம் குறைந்து ஒரு வரிசை பட்டினி கிடக்கும். கழற்றி, இரண்டு பக்கத்தையும் துடைத்து, மறுபடி இறுக்கினால் போதும். அப்போதே தெரிந்திருந்தால் மதிய இடைவேளையில் கடை போட்டிருப்பேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் அம்மா அதைப் பறிமுதல் செய்தாள். தேர்வு, லீவு, ரிசல்ட் எல்லாம் முடிந்து திரும்பக் கொடுத்தபோது, பேட்டரிக் கட்டை இரண்டும் உள்ளேயே அழுகி, ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது. அன்று நாம் வாங்கிய சாதாரணக் கட்டையில் துத்தநாகக் குவளைதான் வெளியுடம்பு. அதுவேதான் எரிபொருளும். மின்சாரம் கொடுக்கக் கொடுக்கத் தன் சுவரையே அது தின்றுகொண்டு வரும். ஓட்டை விழுந்ததும் உள்ளே இருக்கும் அமிலக் கூழ் வழியும். ஆல்கலைன் கட்டை வேறு ரகம். உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து மூடியைத் தள்ளும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வெள்ளைப் பொருக்காகப் படியும். அது காரம் என்பதால் பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக்கொண்டு வந்துவிடும். பழைய ரகத்துக்கு அது பலிக்காது, சமையல் சோடாக் கரைசல்தான் வேண்டும். இது தெரியாமல் நான் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து மிச்சமிருந்த ஸ்பிரிங்கையும் பிடுங்கி எடுத்தேன். டிவி ரிமோட்டோ பொம்மையோ, எதை எடுத்து வைப்பதானாலும் முதலில் கட்டையைக் கழற்றுங்கள் என்று அதற்குப் பிறகு எல்லோரிடமும் நச்சரித்து வருகிறேன்.

பிஎஸ்பி வந்தது 2006இல். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா சிங்கப்பூரில் வாங்கிவந்தார். ஜப்பானில் 2004 டிசம்பரில் சோனி வெளியிட்ட முதல் மாடல்தான். 4.3 அங்குலத் திரை, யுஎம்டி என்ற குட்டித் தட்டு, 1800 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரி. நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஹாஸ்டலில் அதைக் கையில் வைத்திருந்தவனுக்கு இருந்த மரியாதை புல்லட் வைத்திருந்த சீனியருக்குக்கூட இல்லை. பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் எங்கள் தளத்தில் வெளிச்சம் வந்த ஒரே ஜன்னல் என்னுடையதுதான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வீட்டுக்குப் போனேன். அரிவாள்மனை, கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்கூட்டர் சாவி, அக்காவின் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்த அம்மா, வரிசையில் பிஎஸ்பியையும் சேர்த்தாள். எனக்கும் சந்தோஷம்தான். அதில் பொட்டு வைக்க வாகாக வட்டமாக இருந்த ஒரே இடம், விளையாட்டில் ஆளை நகர்த்தும் அனலாக் குமிழ். சந்தனத்தைக் குழைத்து அழகாக நடுவில் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள். மறுநாள் காய்ந்ததைச் சுரண்டிவிட்டு விளையாட உட்கார்ந்தால், கை வைக்காமலே என் ஆள் இடது பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

இன்று இதற்கு 'டிரிஃப்ட்' என்று பெயர் இருக்கிறது, வழக்குகள் இருக்கின்றன. அன்று எனக்குக் கிடைத்த ஒரே நிபுணர் டபிள்யூஜிசி ரோட்டுப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த வாட்ச் கடை அண்ணாச்சி. கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பத்து நிமிடம் எதுவும் பேசாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் திருப்புளிகளில் ஒன்றை எடுத்து ஒரு ஸ்க்ரூவில் பொருத்திப் பார்த்து, வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அந்த ஒரு செய்கையின் அருமை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. ஜப்பானியப் பொருட்களில் வரும் ஸ்க்ரூ நாம் 'ஸ்டார்' என்று சொல்லும் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஜேஐஎஸ் என்ற அவர்கள் தரத்தில் குழியின் வடிவம் சற்று வேறு. பொருந்தாத முனையை வைத்து அழுத்தித் திருகினால் ஸ்க்ரூ வராது, தலைதான் மொழுமொழு என்று தேயும். நான் அப்படி மொட்டையடித்த ஸ்க்ரூக்கள் ஒரு கைப்பிடி தேறும். (அப்படி ஆனால், அகலமான ரப்பர் பேண்டை மேலே வைத்து அதற்கு மேல் திருப்புளியை அழுத்திப் பாருங்கள். பாதி நேரம் பிடித்துக்கொள்ளும்.)

அண்ணாச்சி முன்மூடியைக் கழற்றி, குமிழை எடுத்து, வாட்ச் சக்கரங்களைக் கழுவும் வெள்ளைப் பெட்ரோலில் அல்ல, வேறொரு குப்பியிலிருந்த ஸ்பிரிட்டில் தூரிகையை நனைத்துச் சுற்றிவர வருடினார். மஞ்சள் பொடி வந்தது. குமிழைச் சர்க்யூட்டோடு இணைக்கும் சின்ன ரப்பர் துண்டையும் துடைத்துப் பொருத்தினார். ஆள் நின்ற இடத்திலேயே நின்றான். முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, "தம்பி, இத டெய்லி ஓட்டு. ஓடுற வாட்ச் என்கிட்ட வராது. பொட்டியில தூங்குனதுதான் வரும். எண்ணெய் இறுகிரும்லா" என்றார். வாட்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உப்பிய பேட்டரிக்கு வருகிறேன். அது பெட்டியோடு வந்த பேட்டரி அல்ல. 2009இல் அசல் களைத்துப் போனதும் சந்தையில் வாங்கிய டூப்ளிகேட். அசலின் மேல் 1800 என்று போட்டிருக்கும், இதன்மேல் 3600 என்று போட்டிருந்தது. அசலைவிட எடை குறைவாக இருந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். அதை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, "எப்ப வந்தாலும் உடனே ஆடலாம்" என்று நானேதான் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை மொட்டை மாடிச் சூடு நேரே இறங்கும் அறையில் இருந்த இரும்பு பீரோவில் வைத்தாள். பதினோரு கத்திரி வெயில்.

லித்தியம் அயனி பேட்டரி ஒன்றை எப்படிக் கொல்வது என்று கேட்டால் இதைவிடச் சுருக்கமான செய்முறை கிடையாது. முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகும், வெப்பம் அதை வேகப்படுத்தும். உறை மெல்லியது, வாயுவுக்குப் போக்கிடம் இல்லை, உப்புகிறது. சரி, காலி செய்து வைத்தால்? அதுவும் தப்பு. சும்மா இருந்தாலும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே வெகுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் தாமிரத் தகடே கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம் என்பதால், பாதுகாப்புச் சர்க்யூட் கதவை அடைத்துவிடும். சார்ஜரில் போட்டால் விளக்கே எரியாது. ஆக, எடுத்து வைப்பதென்றால் பாதிச் சார்ஜ். நாற்பதிலிருந்து அறுபது சதவீதம். குளிர்ச்சியான இடம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து மறுபடி பாதிக்குக் கொண்டுவர வேண்டும். 1991இல் இந்த வகை பேட்டரியை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது சோனி. இதற்கு அடித்தளம் போட்ட குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்எனஃபுக்கு அப்போது வயது 97. ரசாயனத்துக்குப் பரிசு வாங்கியவர் அவ்வளவு நாள் தாங்கினார், அவர் வழிவந்த செல் எங்கள் பீரோவில் தாங்கவில்லை.

உப்பியதை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, "காத்து போனா சரியாயிரும்" என்று ஊசியோடு வருபவரை வீட்டுக்குள் விடக் கூடாது. நான் சமையலறை மரக்கரண்டியின் காம்பால் மெல்ல நெம்பி எடுத்து, முற்றத்தில் காய்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்தேன். பழைய இரும்புக்காரர் எடைக்கு வாங்கத் தயாராக இருந்தார். கொடுக்கவில்லை. இந்தியாவில் 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்க வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. நடைமுறையில், மாதக்கணக்கில் அந்தச் சட்டியை அம்மா துளசி மாடத்துக்குப் பக்கத்தில் சகித்துக்கொண்டாள். பிறகு சென்னைக்கு எடுத்துப்போய் மின்கழிவு வாங்கும் ஓரிடத்தில் ஒப்படைத்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பேட்டரி உப்பியும் பிஎஸ்பி பிழைத்ததற்குக் காரணம், பேட்டரி தனி மூடிக்குள் இருந்ததுதான். நகத்தால் தள்ளினால் திறக்கும் மூடி. இப்போது வரும் பெட்டிகளில் பேட்டரி உள்ளே புதைந்திருக்கிறது. வால்வ் என்ற நிறுவனத்தின் கையடக்கப் பெட்டியான ஸ்டீம் டெக்கில் பசை போட்டு ஒட்டியே இருக்கிறார்கள். அதற்கு உதிரிபாகம் விற்கும் ஐஃபிக்சிட் என்ற பழுதுபார்ப்பு நிறுவனமே அதைக் குறையாகச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற விதி அமலுக்கு வருகிறது. 2004இல் நகத்தில் இருந்த உரிமையைச் சட்டம் போட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இனி, தூங்கியதால் அல்லாமல் உழைத்ததால் கெடுபவை. அக்கா மகனுக்கு இப்போது பதினான்கு வயது. விளையாட்டைக் கையில் பிடித்து இயக்கும் கன்ட்ரோலரை அவன் படுத்தும் பாட்டை விவரித்தால் குழந்தைகள் நல வாரியத்துக்குப் பதில் கன்ட்ரோலர் நல வாரியம் ஒன்று ஏற்படுத்தத் தோன்றும். ஒரு கையில் மக்ரூன் பொட்டலம், அதே கையால் ஸ்டிக், அதாவது ஆளை நகர்த்தும் குமிழ். முந்திரித் துகளும் சர்க்கரையும் வியர்வையும் சேர்ந்த ஒரு கலவை பட்டன்களுக்குக் கீழே கெட்டிப்பட்டிருக்கும். ஆனால் பட்டன் கெட்டால் பெரிய விஷயமில்லை. அது நம் டிவி ரிமோட்டேதான். ரப்பர் விரிப்பு, அதன் அடியில் கரி வில்லை, கீழே சர்க்யூட். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வரும். மருந்துக் கடையில் கேட்டால் எழுபது சதவீதம்தான் கிடைக்கும், மிச்சம் தண்ணீர். செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு ஐட்டம் விற்கும் இடங்களில் தொண்ணூற்றொன்பது சதவீதம் கேனில் கிடைக்கும். அதுதான் சரி.

ஸ்டிக் கெட்டால் கதை வேறு. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும்போது கரகர என்று ஒலிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கரகரப்பும் இந்த டிரிஃப்ட்டும் ஒரே வியாதி. வால்யூம் குமிழுக்குள் குதிரை லாட வடிவில் ஒரு கரிப்பாதை, அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு உலோக விரல். விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். ஒரு ஸ்டிக்கில் இப்படி இரண்டு இருக்கின்றன. ஒன்று இடம் வலம் பார்க்கும், இன்னொன்று மேல் கீழ். நடுவில் நின்றால் பாதி மின்னழுத்தம் வர வேண்டும். நாம் ஸ்டிக்கை ஆட்டுவதெல்லாம் பெரும்பாலும் அந்த நடுவைச் சுற்றியே என்பதால் கரி அங்கேதான் முதலில் தேய்கிறது. தேய்ந்த துகள் பாதையிலேயே கிடக்கிறது, நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கும் தளர்கிறது. பிறகு கை வைக்காமலே ஆள் நடக்கிறான். இந்தமுறை சந்தனத்தின் மேல் பழி போட முடியாது.

பையன் ஒருநாள், "மாமா, நானே சரி பண்ணிட்டேன்" என்று பெருமையாக நீட்டினான். பாட்டியின் தையல் மெஷின் எண்ணெயை ஸ்டிக்குக்குள் விட்டிருந்தான். இரண்டு நாள் அருமையாக வேலை செய்தது. மூன்றாம் நாள் கரித்துகளும் எண்ணெயும் குழைந்து கண்மையாகிவிட்டது. திட்டவில்லை. சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயை நான் ஒரு காலத்தில் அடித்தவன். உரசல் உள்ள இடத்தில் எண்ணெய் விடத் தோன்றுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே உரசுவது மின்சாரம் போகும் பாதை. கான்டாக்ட் கிளீனர் என்று தனியாக விற்பதை ஒரு விசிறு விசிறி, ஸ்டிக்கை நாற்பது ஐம்பது முறை சுற்றிவிட்டுக் காயவிட வேண்டும். அழுக்கால் வந்த டிரிஃப்ட் என்றால் போய்விடும். தேய்மானத்தால் வந்தது என்றால் ஒரு வாரத்தில் திரும்பி வரும்.

எங்கள் வீட்டுக் கன்ட்ரோலர் திரும்பி வந்தது. உலகத்தின் பல வீடுகளிலும் அப்படித்தான். நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற விளையாட்டுப் பெட்டி 2017 மார்ச்சில் வெளிவந்தது. அதன் ஜாய்கான் கன்ட்ரோலர்கள் கை வைக்காமலே ஆளை நகர்த்துவதாக அமெரிக்காவில் வாங்கியவர்கள் 2019 ஜூலையில் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2020 ஜூனில் நிறுவனத்தின் தலைவர் ஃபுருகாவா, முதலீட்டாளர்கள் கேள்வி கேட்டபோது வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்தார். ஸ்விட்ச் இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வரவே இல்லை. ஆகவே இங்கே வருத்தம் தெரிவிக்கக்கூட ஆள் கிடையாது. இறக்குமதி செய்து விற்றவர் "அத நாங்க பாக்க மாட்டோம் சார்" என்பார். ஆனால் ஜாய்கானில் ஒரு நல்ல விஷயம், ஸ்டிக் ஒரு பட்டை ஒயரில்தான் செருகியிருக்கும். மூன்று இதழ் ஸ்க்ரூவுக்கான திருப்புளியும் பொறுமையும் இருந்தால் மேசையில் வைத்தே மாற்றிவிடலாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் ஸ்டிக்கைச் சர்க்யூட்டோடு ஈயம் வைத்தே இணைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்டிக்குக்குப் பதினான்கு கால்.

பதினான்கு கால் பூச்சியை உயிரோடு பிடுங்க நான் பட்ட பாடு பெரிது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சால்டரிங் அயன், ஈயம் உறிஞ்சும் பம்பு, தாமிரப் பின்னல், இரண்டு புது ஸ்டிக் எல்லாம் வாங்கிக்கொண்டு, யூடியூபில் நான்கு வீடியோ பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். வீடியோவில் ஐந்து நிமிடம். எனக்கு மூன்று மணி நேரம். பதின்மூன்று கால் விட்டுக்கொடுத்தது, பதினான்காவது விடவில்லை. தரை இணைப்புள்ள கால்கள் சர்க்யூட்டின் அகலமான தாமிரத்தோடு சேர்ந்திருப்பதால், வைக்கும் சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். பொறுமையிழந்து இழுத்தேன். காலோடு சர்க்யூட்டின் செம்பு வளையமும் கழன்று வந்தது. அந்தக் கன்ட்ரோலர் அத்தோடு சரி. இரண்டாவதில் புத்தி வந்தது. கழற்றப்போவது எப்படியும் குப்பைக்குத்தான் என்பதால், பழைய ஸ்டிக்கைக் கட்டரால் துண்டு துண்டாக வெட்டிவிட்டு, மிஞ்சிய கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி இடுக்கியால் எடுத்தேன். புது ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து உருக்கினால் பழையது சுலபமாக இளகும் என்பதையும் அப்போதுதான் கற்றேன்.

இரண்டாவதில் போட்டது ஹால் எஃபெக்ட் ஸ்டிக். இதில் கரியும் இல்லை, உரசலும் இல்லை. ஒரு காந்தம், அதன் அசைவை எட்ட நின்று உணரும் ஒரு சென்சார். எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த தத்துவம். விளையாட்டுக்கும் புதிதல்ல, 1998இல் சேகா தன் ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் அதைத்தான் வைத்தது. தேயாத ஒன்றைச் செய்யத் தெரிந்த பிறகும் தேய்கிறதையே இருபது வருடம் எல்லோரும் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால், விலை குறைவு, பழகிய பாகம் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்கு எரிச்சல் குறையவில்லை. ஆனால் ஹால் என்றதும் அமரத்துவம் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பிரிங் தளரும், பிளாஸ்டிக் தேயும். மாற்றியபின் நடுப்புள்ளியைக் கன்ட்ரோலருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

கற்றதெல்லாம் தலைக்கேறி இருந்த நேரத்தில்தான் ஸ்டீம் டெக்கைத் திறந்தேன். 2023இல், தெரிந்தவர் ஒருவர் மூலம் வெளிநாட்டிலிருந்து வந்தது. காற்றாடியில் தூசி சேர்ந்து உறுமியது. பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ, நான்கு நீளம், நான்கு குட்டை. எது எங்கே என்று மறக்காமல் இருக்கப் பல்லாங்குழிப் பலகையை எடுத்து ஒவ்வொரு குழியிலும் ஒன்றாகப் போட்டு வைத்தேன். சரியான திருப்புளி, வெளிச்சம், எல்லாம் முறைப்படி. மூடியை நெம்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம். திறப்பதற்கு முன் மெமரி கார்டை வெளியே எடு என்பதுதான் எல்லா வழிகாட்டியிலும் முதல் வரி. நான் இரண்டாம் வரியிலிருந்து படித்திருந்தேன். கார்டு நடுவில் முறிந்து, பாதி மூடியோடும் பாதி பெட்டியோடும் நின்றது. 512 ஜிபி. காற்றாடி மட்டும் அதற்குப் பிறகு மௌனமாகச் சுற்றுகிறது.

இதற்கு நடுவில் ஒரு மலிவான சீனப் பெட்டியும் வாங்கினேன், பழைய விளையாட்டுகளுக்காக. வந்த அன்றே சார்ஜ் ஏறவில்லை. திருப்பி அனுப்பப் பொட்டலம் கட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் போட்டால், எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கிறதா என்று சார்ஜர் முதலில் பார்க்கும், இருந்தால்தான் மின்சாரம் விடும். காசு மிச்சம் பிடிக்க அந்தச் சின்னத் தடையை விட்டுவிட்டிருந்தார்கள். பழைய அகலமான யூஎஸ்பி முனையுள்ள கேபிளில் செருகியதும் ஒழுங்காக ஏறியது. இதே மாதிரிப் பெட்டி வாங்கியிருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். கூட வரும் மெமரி கார்டை நம்பாமல் முதல் நாளே நல்ல கார்டுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

தூத்துக்குடிக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பளத்து ஊர். எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பியே மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் கேட்கும். இந்த ஈரத்தில் முதலில் போவது கன்ட்ரோலரின் கைப்பிடியில் மெத்தென்று பூசியிருக்கும் ரப்பர் மாதிரியான பூச்சு. அது பாலியூரித்தேன். ஈரப்பதத்தோடு சேர்ந்து சிதைந்து, ஒருநாள் பலாப்பழம் உரித்த கை போல ஒட்டத் தொடங்கும். கழுவினால் போகாது. ஆல்கஹால் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்து அந்தப் பூச்சையே மொத்தமாக எடுத்துவிட்டால், அடியில் சாதாரண பிளாஸ்டிக் பளபளவென்று இருக்கும். நனைந்தால் அரிசி டப்பாவில் புதைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அரிசியால் ஆகப்போவது ஒன்றுமில்லை, தவிட்டுத் தூசி பட்டன் இடுக்கில் போவதுதான் மிச்சம். பேட்டரியைத் துண்டித்து, திறந்து, காற்றாடியடியில் வைப்பதே வைத்தியம்.

பிஎஸ்பிக்குப் புது பேட்டரி கிடைக்க அலைந்தது தனிக்கதை, விட்டுவிடுகிறேன். இந்தமுறை எண்ணைப் பார்த்து வாங்கவில்லை, எடையைப் பார்த்து வாங்கினேன். போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. இன்று என்ன தேதி என்று கேட்டது. சொன்னேன். யுஎம்டி 'விர்ர்' என்று சுற்றத் தொடங்கியது. "மாமா, உள்ள என்ன ஓடுது?" என்று பையன் காதை வைத்துக் கேட்டான். மெமரி ஸ்டிக்கில் என் பழைய ஆட்டம் 2010 மே மாதத் தேதியோடு அப்படியே இருந்தது. ஒரு பாலத்துக்கு முன்னால், பாதி உயிரோடு நிற்கிறேன். எந்தப் பட்டன் எதற்கு என்று மறந்துபோய், ஒரு நிமிடத்தில் செத்தேன்.

சென்னைக்குத் திரும்பும்போது அம்மாவிடம் பேட்டரிச் சமாச்சாரம் எல்லாம் சொன்னேன். பீரோ வேண்டாம், கீழே பூஜை அறை ஷெல்ஃபில் வை, ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதிக்குச் சார்ஜ் போடு, முழுசாக்கிவிடாதே. காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. அடுத்த தடவை போனபோது அடுக்களைக் காலண்டரில், சிலிண்டர் புக் பண்ணின தேதிக்குக் கீழே, நீல மையில் 'கேம் – பாதி' என்று எழுதியிருந்தது. மாசி, சித்திரை, ஆனி.

போன வாரம் ராத்திரி போன் வந்தது.

"எய்யா, ரெண்டு கோடு வந்துட்டு. சார்ஜரக் கழட்டிட்டேன்."

"சரிம்மா."

"கழட்டுனப்பறம் சும்மா ஆன் பண்ணிப் பாத்தேன். அவன் எங்கயோ பாலத்துகிட்ட நிக்கான்."

"ஆமா, நான்தான் விட்டுட்டு வந்தேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் டிவி ஓடியது.

"ஏய்யா, இதுல அந்தக் கட்ட அடுக்குற கேம் வராதா?"